பரீக்ஷா (நாடகக் குழு)

பரீக்ஷா என்பது சென்னையில் இயங்கிய தன்னார்வ நவீன நாடகக் குழு ஆகும். செங்கல்பட்டில் பிறந்த இதழாளரும் எழுத்தாளருமான ஞாநி (1954–2018) இதனை 1978 ஆம் ஆண்டு தொடங்கிப் பல பத்தாண்டுகள் வழிநடத்தினார். வடமொழிச் சொல்லான 'பரீக்ஷா' என்பதற்குச் சோதனை, தேர்வு என்று பொருள்.

பின்னணி

1970களில் சென்னையில் மேடை நாடகங்களுக்குச் சபாக்களே முதன்மையான களமாக விளங்கின. சபா நாடகங்களில் நடித்தவர்களிலும் பலர் அலுவலகப் பணியாளர்களே. ஆயினும் சபா உறுப்பினர்களின் சுவையை ஒட்டியே நாடகங்களை அமைக்க வேண்டியிருந்ததால், குடும்பக் கதைகளும் நகைச்சுவைத் துணுக்குகளும் மிகுந்தன. இதற்கு மாற்றாகச் சிறுபத்திரிகைச் சூழலிலிருந்து நவீன நாடக முயற்சிகள் எழுந்தன. சென்னையில் கூத்துப்பட்டறை (1977), மதுரையில் நிஜ நாடக இயக்கம் (1978) ஆகியவை இக்காலத்தில் தோன்றிய பிற குழுக்கள் ஆகும்.

மூன்றாம் அரங்கு

வங்காள நாடகாசிரியர் பாதல் சர்க்கார் 1980 ஆம் ஆண்டு சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் நடத்திய பயிற்சி முகாம், தமிழ் நவீன நாடகக் குழுக்களிடையே பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது. பொறியியல் பயின்று நகரமைப்புத் துறையில் பணியாற்றியவர் சர்க்கார். உயர்ந்த மேடை, திரைச்சீலை, காட்சி அமைப்பு ஆகியவை இன்றி, நடிகரின் உடலையும் குரலையும் மட்டுமே நம்பிப் பார்வையாளர் நடுவே நிகழ்வது அவரது 'மூன்றாம் அரங்கு'. செலவு குறைந்தால் புரவலரைச் சார்ந்திருக்கும் தேவையும் குறையும் என்பதே இதன் அடிப்படை.

நாடகங்கள்

இந்திரா பார்த்தசாரதி, ந. முத்துசாமி, ஜெயந்தன் முதலிய தமிழ் எழுத்தாளர்களின் நாடகங்களைப் பரீக்ஷா நிகழ்த்தியது. பாதல் சர்க்கார், விஜய் டெண்டுல்கர், பெர்டோல்ட் பிரெக்ட், ஜே. பி. பிரீஸ்ட்லி ஆகியோரின் ஆக்கங்களும் தமிழ் வடிவில் மேடையேறின. ஞாநி எழுதிய நாடகங்களுள் 'பலூன்' குறிப்பிடத்தக்கது.

தன்னார்வ இயக்கம்

கூத்துப்பட்டறை பின்னாளில் முழுநேர நடிகர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனமாக வளர்ந்தது. பரீக்ஷாவோ வேறு பணிகளில் இருந்துகொண்டே நாடகம் செய்வோரின் குழுவாக இயங்கியது. இவ்விரு வழிகளிலும் நிறைகளும் குறைகளும் உண்டு. முழுநேரப் பயிற்சி நடிகரின் உடலையும் குரலையும் செம்மைப்படுத்தும். ஆனால் அதற்குத் தொடர்ந்து நிதி தேவை. ஊதியம் பெறாத குழு, எந்த நாடகத்தை நிகழ்த்துவது என்பதைத் தானே முடிவு செய்யலாம். ஆனால் மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலுமே ஒத்திகை நடக்கும். பணி மாற்றம், குடும்பப் பொறுப்பு போன்ற காரணங்களால் நடிகர்கள் விலகுவதும், புதியவர்களை மீண்டும் முதலிலிருந்து பயிற்றுவிப்பதும் இயல்பு. இத்தகைய குழுக்களின் தொடர்ச்சி பெரும்பாலும் ஒருங்கிணைப்பாளர் ஒருவரின் உழைப்பையே சார்ந்துள்ளது.

ஞாநி 2018 ஆம் ஆண்டு சனவரி 15 அன்று சென்னையில் காலமானார்.