கிரெனெல் கிணற்றின் செலவு

குழாய்க் கிணறு தோண்டுவிக்க விரும்புவோர் முதலிற் கேட்பது, "எத்தனை அடி? அடிக்கு என்ன கூலி?" என்பதே. ஆழம் ஒன்றே செலவை வரையறுப்பதாயின் கணக்கு எளிதாகிவிடும். அஃது அவ்வளவு எளிதன்று என்பதைப் பாரிஸ் நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பெரும்பொருள் செலவிட்டு அறிந்தனர்.

அந்நகரின் கிரெனெல் பகுதியில், கால்நடை அறுக்கும் கொட்டில் ஒன்றின் வளவிலே, முலோ என்னும் வல்லுநர் 1833 ஆம் ஆண்டிலே துளையிடத் தொடங்கினார். தொலைவிலுள்ள மேட்டு நிலங்களிற் பெய்யும் மழைநீர், கிண்ணம்போற் குழிந்து கிடக்கும் மண்படைகளிடையே இறங்கி, நகரின் அடியிலுள்ள பச்சை மணலிலே அடைபட்டு நிற்கின்றது. மேலே மூடியுள்ள களியைத் துளைத்தால் நீர் தானே பொங்கியெழும் என்பது நிலநூலார் துணிபு. வானநூலறிஞர் அராகோவும் அதனை வற்புறுத்தி ஆதரித்தார். ஆயினும், அம்மணலை அடையுமுன் தடித்த வெண்சுண்ணப் படையைக் கடக்கவேண்டியிருந்தது.

இங்கேதான் செலவின் சூட்சுமம் உள்ளது. துளையிலே சேரும் மண்ணை அள்ள, ஒன்றோடொன்று பூட்டிய இரும்புத் தண்டுகள் யாவற்றையும் வெளியே இழுத்துக் கழற்றி, மீண்டும் பூட்டி இறக்கவேண்டும். ஆழம் மிக மிக, துளையிடும் நேரத்தினும் ஏற்றியிறக்கும் நேரமே மிகுந்துவிடும். ஆதலால், நானூறாவது மீற்றரின் விலை முதல் மீற்றரின் விலையன்று.

விபத்தின் விலையோ வேறு. 1837 மே மாதத்தில், மண் அள்ளும் கருவி நீண்ட தண்டுகளோடு அறுந்து அடியிலே வீழ்ந்தது. அதனைத் துண்டு துண்டாக வெளியே எடுக்க ஓராண்டுக்கு மேலாயிற்று. அக்காலமெல்லாம் ஓரடியேனும் ஆழம் கூடவில்லை. கூலி மட்டும் நிற்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையென்று நகரத்தார் சிலராவது எண்ணியிருப்பர்!

1841 பெப்ரவரி 26 ஆம் நாள், 548 மீற்றர் ஆழத்திலே, நீர் பீறிட்டெழுந்தது. அதன் வெப்பம் ஏறத்தாழ 28 பாகை. ஆனால் மணலும் களியும் உடன் வந்தன; உள்ளே இறக்கிய செப்புக் குழாய்கள் நசுங்கின. நீர் கண்ட பின்னரும் செலவு ஓயவில்லை.

பின்னர் 1855 இல், பாசி என்னும் பகுதியிலே மிக அகன்ற கிணறொன்றைக் கிண்ட் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் தொடங்கினார். அகலம் கூடினால் அகற்றும் மண்ணும் இறக்கும் குழாயும் பெருகும். குழாயைச் சூழ்ந்த களியின் நெருக்குதலும் கடுமையாகும். 1857 இல், மணலை அணுகிய தறுவாயில், மேற்புறத்துக் குழாய் நசுங்கிற்று. முடிவதற்கு 1861 ஆம் ஆண்டாயிற்று. குறித்த காலமும் பேசிய பணமும் இரண்டுமே மீறின.

பாசிக் கிணறு பொங்கிய பின்னர், சில மீற்றர் அல்ல, சில கிலோமீற்றர் அப்பாலுள்ள கிரெனெல் கிணற்றின் நீர்வரத்துக் குறைந்தது. இரண்டும் உண்டது ஒரே மணலின் நீரையே.