நிலவொளிக்கு ஒரு கடன்

பிலிப்பைன்ஸ் பண்பாட்டைக் கலப்புப் பண்பாடு என்று குறிப்பிடுவது வழக்கம். தகாலோக் மொழியில் ஆசிரியரைக் குறிக்கும் ‘குரோ’, முகத்தைக் குறிக்கும் ‘முக்கா’ இரண்டும் வடமொழி மூலம் கொண்டவை. 1565 முதல் ஸ்பெயினும் 1898க்குப் பின் அமெரிக்காவும் அங்கே ஆழமான தடங்களைப் பதித்தன. ஆனால் கலப்பற்ற பண்பாடு வேறெங்கோ உண்டு என்ற எண்ணமும் அந்த வழக்கில் மறைந்திருக்கிறது. ஆலங்குளத்துக் கரிசலில் நின்று சுற்றிப் பார்த்தால் அவ்வெண்ணம் நிலைக்காது.

முதலில் மிளகாய். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. மெக்சிகோவிலிருந்து சென்ற ஸ்பானியக் கப்பல்கள் மணிலாவுக்குக் கொண்டு சேர்த்தன. நாம் மிளகையொட்டி அதற்குப் பெயரிட்டோம். இன்று விருதுநகரின் அடையாளங்களுள் ஒன்று வற்றல் வணிகம்.

அடுத்தது பட்டாசு. வெடிமருந்து பிறந்தது சீனத்தில். 1443இல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக் அங்கு கண்ட வாணவேடிக்கையை எழுதி வைத்திருக்கிறார். ‘மத்தாப்பு’ என்ற சொல்லே பாரசீகத்தின் ‘மஹ்தாப்’, அதாவது நிலவொளி. தீபாவளி இரவில் நம் குழந்தைகள் கையில் ஏந்துவது பாரசீக நிலவை!

தீக்குச்சியின் கதையும் இதுவே. ஒரு காலத்தில் ஜப்பானியத் தீப்பெட்டிகள் நம் தெய்வங்களின் படங்களைத் தாங்கி இந்தியச் சந்தைக்கு வந்தன. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை பொய்க்கும் சிவகாசியின் வறட்சி, குச்சியும் மருந்தும் உலர்வதற்கு வரமாயிற்று. தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டியிருந்தது. சீட்டுக்காக அச்சகம் வந்தது. அச்சகத்திலிருந்து நாட்காட்டி பிறந்தது. கடல் கடந்து வந்த அதே தெய்வப்படங்கள் இப்போது சிவகாசியிலிருந்து நாடெங்கும் செல்கின்றன.

எங்கிருந்து வந்தது என்பதோடு வரலாறு முடிந்துவிடுவதில்லை. வந்த பொருளை நமதாக்கியவர் யார் என்பதும் வரலாறே. மருந்து செலுத்திய கைகள், பெட்டி ஒட்டிய பெண்கள், பள்ளிக்குப் போகாத பிள்ளைகள், 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி வெடிவிபத்தில் மாண்ட 30க்கும் மேற்பட்டோர் ஆகியோரே அந்த விலையைக் கொடுத்தவர்கள். தூய பண்பாடு பேசுவோர் சீனத்தையும் பாரசீகத்தையும் மட்டுமல்ல, இவர்களையும் சேர்த்தே மறக்கிறார்கள். இரவல் பொருள் உழைப்பால்தான் உரிமைப் பொருளாகிறது. அந்த உழைப்பின் கணக்கை எழுதாமல் எதை ‘நம்முடையது’ என்று சொல்லப் போகிறோம்?