நுண்கடன் நிறுவனங்களின் திறன் மதிப்பீடு

வங்கிக் கடன் எட்டாத ஏழைகளுக்குப் பிணையின்றிச் சிறுதொகைகளைக் கடனாக வழங்கும் நிறுவனங்கள், தம்மிடமுள்ள வளங்களைக் கொண்டு எவ்வளவு வருவாயையும் எவ்வளவு சமூகப் பயனையும் ஈட்டுகின்றன என்பதைக் கணிக்கும் முறையே நுண்கடன் நிறுவனங்களின் திறன் மதிப்பீடு. சாதாரண வங்கிக்கு இலாப விகிதமே பெரும்பாலும் போதுமானது; வறுமை ஒழிப்பை நோக்கமாகக் கொண்ட நிறுவனத்துக்கு அது அரைக்கணக்குதான்.

இதற்குப் பரவலாகப் பயன்படும் கருவியான தரவு உறைப் பகுப்பாய்வை 1978இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகியோர் வகுத்தனர். சொத்து, இயக்கச் செலவு, பணியாளர் எண்ணிக்கை ஆகியவற்றை உள்ளீடுகளாகவும், நிலுவைக் கடன்தொகை, வருவாய் ஆகியவற்றை நிதி வெளியீடுகளாகவும், பெண் கடனாளர் எண்ணிக்கை, ஏழைகளைச் சென்றடைந்த அளவு ஆகியவற்றைச் சமூக வெளியீடுகளாகவும் கொண்டு, மிகச் சிறப்பாக இயங்கும் நிறுவனங்கள் அமைக்கும் எல்லைக்கோட்டிலிருந்து ஏனையவை எவ்வளவு விலகியுள்ளன என்பதை இம்முறை காட்டுகிறது. ஸ்பெயின் ஆய்வாளர் குட்டியர்ரெஸ்-நியெட்டோவும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, சமூகத் திறனை இவ்வழியில் அளந்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்று.

ஏழ்மைக்கான அளவுகோலே இம்முறையின் நலிந்த இடம். சராசரிக் கடன்தொகை தலா வருமானத்தை நோக்கச் சிறியதாயின் கடனாளர் ஏழை எனக் கொள்ளப்படுகிறது. ஆனால் ஒரே குடும்பம் பல நிறுவனங்களில் சிறுகடன் பெறும்போது இவ்வளவுகோல் கடன்சுமையையே சாதனையாகக் காட்டிவிடும். 2010இல் ஆந்திரப் பிரதேசத்தில் இத்தகைய கடன்சுமையை ஒட்டி எழுந்த நுண்கடன் நெருக்கடிக்கு முன்பு, விரைந்து வளர்ந்த நிறுவனங்களின் நிதிக் குறியீடுகள் நன்றாகவே இருந்தன. ஆதலால் கடனாளர் பாதுகாப்பு, வட்டி வெளிப்படைத்தன்மை போன்றவற்றையும் தனியே மதிப்பிடும் வழக்கம் பின்னர் வலுப்பெற்றது.