ரூப்சா ஆற்றில் திரும்பி நின்ற பன்வேல்

சின்னசேலத்திலிருந்து கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போக வேண்டும். ஆனால் கல்வராயன் மலையில் பெய்கிற மழை கோமுகியில் இறங்கி, மணிமுத்தாற்றோடு கூடி, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலைச் சேர்ந்துவிடுகிறது. அந்த வங்கக் கடலின் வடகோடியில், 1971 டிசம்பரில், வங்கதேச விடுதலைக்காகப் பாகிஸ்தானோடு நடந்த போரில், ஒரு சிறு ரோந்துக் கப்பல் செய்த காரியத்தை நம் பகுதியில் அறிந்தவர்கள் குறைவு. டிசம்பர் 16 வெற்றி நாளையொட்டி வெளிவரும் இந்த மலரில் அதற்கு இடம் கிடைத்தது நிறைவாக இருக்கிறது.

கப்பலின் பெயர் ஐ.என்.எஸ். பன்வேல். சோவியத் நாட்டில் கட்டப்பட்ட போலுசாட் வகையைச் சேர்ந்தது. நம் கடற்படை அறுபதுகளின் பிற்பகுதியில் இவ்வகைக் கப்பல்களை வாங்கி, பாம்பன், புலிகாட், பூரி, பனாஜி, பன்வேல் என்று நீரோர ஊர்களின் பெயர்களைச் சூட்டியது. பாம்பனும் புலிகாட் எனப்படும் பழவேற்காடும் நம் தமிழகக் கரையில் உள்ளவை. பன்வேலின் நீளம் ஏறக்குறைய 30 மீட்டர். நம் ஸ்டேஷனில் வந்து நிற்கும் ரயிலில் ஒன்றரைப் பெட்டிக்கும் குறைவு. துறைமுக வாயில் காவலும் கரையோர ரோந்துமே அதற்கு விதிக்கப்பட்ட வேலை.

பெரிய போர்க்கப்பல்கள் நுழைய முடியாத இடம் சுந்தரவனம். சதுப்புக் காட்டுக்குள் நூற்றுக்கணக்கான கால்வாய்கள் பின்னிக் கிடக்கும். வற்றம் வந்தால் வண்டலில் தட்டி நிற்க வேண்டியதுதான். ஆழம் குறைந்த நீரில் போகக்கூடிய பன்வேலுக்கு அங்கேதான் வேலை வந்தது. கூடவே பத்மா, பலாஷ் என்ற இரு படகுகள். கல்கத்தா துறைமுகத்துக்குச் சொந்தமாயிருந்த அவற்றில் பீரங்கி பொருத்தி, வங்க விடுதலைப் படையான முக்தி வாஹினிக்குக் கொடுத்திருந்தார்கள். எல்லைப் பாதுகாப்புப் படையின் சித்ராங்கதாவும் சேர்ந்துகொண்டது. அணிக்குத் தலைவர் கமாண்டர் எம்.என். சாமந்த். நீர்மூழ்கிக் கப்பலான கரஞ்சின் முதல் தலைவர். அந்த ஆண்டில் வங்க இளைஞர்களை நீரடிப் போருக்குத் தயார் செய்ததில் முன்னின்றவர். பன்வேலை நடத்தியவர் லெப்டினன்ட் கமாண்டர் ஜே.பி.ஏ. நொரோனா.

நம் விமானங்கள் தவறாகச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகப் படகுகளின் மேல்கட்டுக்கு மஞ்சள் அடையாளம் இட்டிருந்தார்கள். டிசம்பர் 10 காலை கிழக்குப் பாகிஸ்தானின் மோங்லா துறைமுகத்துக்குள் நுழைந்து அடித்தபோது எதிரி அவர்களை எதிர்பார்க்கவே இல்லை. சித்ராங்கதாவை அங்கே நிறுத்திவிட்டு மற்ற மூன்றும் குல்னா நகரை நோக்கி ஆற்றில் ஏறின.

நண்பகல் வாக்கில் குல்னாவை நெருங்கும்போது வானத்தில் மூன்று ஜெட் விமானங்கள் தெரிந்தன. நம்முடைய நாட் விமானங்கள்தான். மஞ்சள் அடையாளம் இருந்தும் அவை தாக்கின. பத்மாவும் பலாஷும் அடிபட்டு மூழ்கின. பன்வேல் வளைந்து நெளிந்து தப்பியது. இந்தப் பிழையை மூடி மறைத்துப் பன்வேலின் கதையைச் சொல்வது அந்த மாலுமிகளுக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்பது என் உறுதியான எண்ணம். கடற்படையின் அதிகாரபூர்வ வரலாற்றிலேயே அது பதிவாகியிருக்கிறது.

பலாஷின் இயந்திர அறையில் இருந்தவர் ருஹுல் அமீன். பாகிஸ்தான் கடற்படையை விட்டு விடுதலைப் போருக்கு வந்தவர். படகு பற்றி எரிந்தபோதும் இயந்திரத்தை விட்டு அகல மறுத்தார். காயத்தோடு கரை சேர்ந்தவரை, பாகிஸ்தான் படைக்குத் துணைநின்ற ரஜாக்கர்கள் கொன்றார்கள். வங்கதேசத்தின் மிக உயர்ந்த வீர விருதான பீர் ஸ்ரேஷ்டா பெற்ற எழுவரில் அவரும் ஒருவர். ரூப்சா ஆற்றங்கரையில் அடக்கமாகியிருக்கிறார். மூழ்கிய படகிலிருந்து நீரில் விழுந்த நம் மாலுமி சிமன் சிங், காயத்தோடு நீந்திக்கொண்டே இரு தோழர்களைக் கரைக்குக் கொண்டுவந்தார். அவர்கள் தப்புவதற்காகத் தானே எதிரியின் துப்பாக்கிக்கு முன்னால் போய், சிறைப்பட்டு, வங்கதேசம் விடுதலையான பிறகு மீண்டார்.

தனியே மிஞ்சிய பன்வேல் அப்போதே திரும்பிப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. இரு துணைகளும் போய்விட்டன. கரை முழுக்க எதிரியின் காவலரண்கள். சாமந்தும் நொரோனாவும் போகவில்லை. நீரில் தத்தளித்தவர்களைத் தூக்கி ஏற்றினார்கள். கரையிலிருந்து வந்த குண்டுகளுக்குப் பதிலும் கொடுத்தார்கள். பன்வேல் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். மோங்லாவில் திடீரெனப் புகுந்து அடித்ததை அடுத்துத்தான் வைப்பேன். சாமந்த், நொரோனா, சிமன் சிங் மூவருக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது. டாக்காவில் 16ஆம் தேதி சரணாகதி. குல்னாவில் அது மறுநாள்தான் நடந்தது.

பன்வேலின் பணி அத்தோடு முடியவில்லை. கடத்தலைத் தடுக்கவும் கடல் எல்லையைக் காக்கவும் தனிப் படை வேண்டும் என்று பரிந்துரைத்த குழுவுக்குத் தலைவர் கே.எஃப். ருஸ்தம்ஜி. 1971இல் எல்லைப் பாதுகாப்புப் படையை நடத்தியவரும் அவரே. சித்ராங்கதாவை அனுப்பிய அதே படை. 1977 பிப்ரவரி 1 அன்று கடலோரக் காவல் படை இடைக்கால அமைப்பாகத் தொடங்கியபோது அதனிடம் இருந்தவை கிர்பான், குத்தார் என்ற இரண்டு பழைய ஃபிரிகேட்டுகளும் ஐந்து ரோந்துக் கப்பல்களும் மட்டுமே. அந்த ஐந்தில் ஒன்று பன்வேல். 1978இல் சட்டம் வந்து படை முறையாக அமைந்தது. குல்னாவில் தோழர்களை நீரிலிருந்து தூக்கிய கப்பல், கடலில் தவிப்போரை மீட்பதையே தன் கடமைகளில் ஒன்றாகக் கொண்ட படையின் முதல் கப்பல்களில் ஒன்றாயிற்று.

கணிதமும் இயற்பியலும் எடுத்துப் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இன்று அந்தப் படையில் நாவிக் எனும் மாலுமிப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், கச்சிராயபாளையம் பக்கத்துப் பள்ளிகளில் அப்படிப் படிக்கிறவர்கள் ஏராளம். ஆசிரியர்கள் இந்தப் பக்கத்தை வகுப்பில் ஒருமுறை படித்துக் காட்டி, அறிவிப்பு வரும்போது சொல்லியும் விட்டால் போதும், போகிறவர்கள் போவார்கள்.