மணியும் பந்தியும்: தமிழகப் பதின்பருவத்தினரின் உணவு வேளைகளும் அவற்றை வகுக்கும் சமூகக் காரணிகளும்

1. பொருளும் எல்லையும்

வளர்ந்த பிள்ளைகள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்ற புலம்பல் கேட்காத வீடு தமிழகத்தில் இல்லை. அதற்குச் சொல்லப்படும் காரணங்களும் வீட்டுக்கு வீடு மாறுவதில்லை: போன், நொறுக்குத்தீனி, சொல்பேச்சுக் கேளாமை. இவை பொய்யில்லை, ஆனால் முதற்காரணங்களும் இல்லை. பிள்ளைகள் எதைத் தின்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கடைக்காரரையும் பிள்ளையையும் திட்டுவதோடு ஆய்வு முடிந்துவிடும். எப்போது, யாரோடு, யார் கண்ணெதிரே தின்கிறார்கள் என்று கேட்டால்தான் குடும்பமும் பள்ளியும் சாதியும் அரசும் அந்தத் தட்டருகே வந்து நிற்பது தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வரையான வயதை வளரிளம்பருவம் என்கிறது. இக்கட்டுரை அதற்குள் 6-ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பள்ளியை விட்டு நூற்பாலைக்கும் பட்டறைக்கும் போய்விட்டவர்களின் உணவு வேளை ஷிப்டுக்குக் கட்டுப்பட்டது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

என் வாதம் இது. பகல் வேளைகளை வகுப்பவை பள்ளி மணியும் டியூஷன் நேரமும். இரவு வேளையை வகுப்பது வீட்டில் யாருக்குப் பின் யார் சாப்பிடுவது என்ற பழைய வரிசை. ருசிக்கும் அறிவுரைக்கும் மிஞ்சும் இடம் சிறியது.

2. காலை: வகுக்கப்பட்ட பட்டினி

பருவமடையும் வயதில் உடலின் உறக்கக் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குவதால் தூக்கம் தாமதமாக வருகிறது, விழிப்பும் தாமதமாகிறது. இது உடலியல், சோம்பேறித்தனம் அல்ல. பள்ளியோ எதிர்த்திசையில் நடக்கிறது. ஒன்பதாம் வகுப்பு தாண்டியதும் காலைச் சிறப்பு வகுப்பு வந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் பொதுத்தேர்வு ஆண்டுகள் என்பதால் பல பள்ளிகளில் எட்டு மணிக்கே ஸ்லிப் டெஸ்ட். கிராமத்துப் பிள்ளை அதற்கு முந்தைய டவுன் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். உடம்பு இன்னும் பாதித் தூக்கத்தில் இருக்கும்போது பசி எங்கிருந்து வரும்? இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு அம்மா வாசல்வரை ஓடிவருவதும், பிள்ளை ஒரு வாய் வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டுவதும் ஓரளவு வசதியுள்ள வீட்டுக் காட்சி. அம்மாவே ஆறு மணிக்குக் கம்பெனி வேனில் ஏறிப்போகும் வீட்டில் அந்த ஒரு வாயும் இல்லை. ராத்திரி மிஞ்சிய சோறு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் டீ.

இந்த இடத்தில் அரசின் காலை உணவுத் திட்டத்தைப் பேசாமல் இருக்க முடியாது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன. 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளும் உள்ளே வந்தன. ஒவ்வொரு விரிவிலும் பள்ளிகள் கூடின. வகுப்பு மட்டும் ஐந்தைத் தாண்டவில்லை. ஐந்தாம் வகுப்பு முடியும் வயது பத்து. வளர்ச்சி வேகமெடுக்கப் போகும் வயதைப் பார்த்து வாசலைச் சாத்தியதுபோல ஆகிவிட்டது. ஏப்ரல் வரை பொங்கலும் சாம்பாரும் வாங்கிய பிள்ளை, ஜூனில் ஆறாம் வகுப்பில் வெறும் வயிற்றோடு பிரேயருக்கு நிற்கிறது.

3. நண்பகல்

3.1 அரசின் தட்டு

பள்ளியில் சோறு போடுவது இந்த மண்ணுக்கு நூறாண்டுப் பழக்கம். 1920-இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கியது. காமராஜர் காலத்து மதிய உணவும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர் தொடங்கிய சத்துணவும் யாவரும் அறிந்தவை. அவ்வளவாகப் பேசப்படாத ஆண்டு 1984. அந்தச் செப்டம்பரில்தான் 10 முதல் 15 வயது மாணவர்களுக்கும் சத்துணவு விரிந்தது. பதின்பருவத்து வயிறு அரசின் கணக்கில் ஏறியது அன்றுதான். ஒன்றிய அரசின் திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிட, ஒன்பது, பத்து வகுப்புகளுக்கான செலவை மாநிலமே ஏற்கிறது. முட்டை இரு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, 2010-இல் வாரத்துக்கு ஐந்தானது. பின்னர் வெஜிடபிள் பிரியாணியும் மிளகு முட்டையும் கறிவேப்பிலைச் சாதமும் பட்டியலில் ஏறின.

இத்தனை இருந்தும் மேல்வகுப்புக்குப் போகப்போக வரிசை குறுகுவதை எந்த உயர்நிலைப் பள்ளியிலும் பார்க்கலாம். ருசி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கூச்சம். ஆறாம் வகுப்புப் பையன் எவர்சில்வர் தட்டைத் தாளமாகத் தட்டிக்கொண்டு ஓடுகிறான். ஒன்பதாம் வகுப்பில் அதே தட்டைப் பைக்குள் மறைத்து எடுத்துப் போகிறான். பத்தாம் வகுப்பில் தட்டே கொண்டுவருவதில்லை. வரிசையில் நிற்பது வீட்டு நிலையைக் கூவிச் சொல்வது என்று அவன் நினைக்கத் தொடங்கிவிட்டான். சீருடையில் இந்தக் கூச்சம் இல்லை, ஏனென்றால் அதை எல்லாரும் போடுகிறார்கள். சோற்றில் மட்டும் வாங்குபவன், வாங்காதவன் என்று வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. பதினொன்றாம் வகுப்பில் இந்தத் தயக்கத்துக்கும் வேலையில்லை. சத்துணவே அங்கு கிடையாது.

3.2 டப்பா வட்டம்

சத்துணவு வாங்காதவர்களின் உலகம் டப்பா வட்டம். மரத்தடியிலோ வராந்தாவிலோ ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து மூடிகளை நடுவில் வைப்பார்கள். இந்த வட்டத்தில் எழுதாத சட்டங்கள் உண்டு. புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கொண்டுவருபவனுக்கு மதிப்பு. தினமும் தயிர்சாதம் ஊறுகாய் கொண்டுவருபவன் மூடியைச் சற்றுத் தள்ளி வைப்பான். கருவாட்டுக் குழம்பு வீட்டில் எவ்வளவு விருப்பமானாலும் வட்டத்துக்கு வராது. மணம் ஆளைக் காட்டிவிடும். டப்பாவில் அசைவம் கூடாது என்று சொல்லும் தனியார் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே இந்த அடக்கம் விதியாகவே எழுதப்பட்டுவிட்டது. முட்டையை அரசுப் பள்ளியில் அரசே போடுகிறது, சில கிலோமீட்டர் தள்ளி அதே முட்டை ஒழுங்கு மீறலாகிறது என்பதை என்னால் எந்த ஊட்டச்சத்து நியாயத்தாலும் விளக்க முடியவில்லை.

பிள்ளை கொண்டுபோகும் சாதம் எது என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் இந்த வட்டம்தான். 'எனக்குக் கீரை வேண்டாம்' என்று அது வீட்டில் சொல்வதில் பாதி ருசி, பாதி சபை.

3.3 பந்தி

யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து உண்பது என்பது இங்கே என்றைக்கும் வெறும் சாப்பாட்டு விஷயமாக இருந்ததில்லை. 1920-களின் நடுவில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர் இருவர் மட்டும் தனியே உண்ண விடப்பட்டதைப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தார்கள். அந்தச் சர்ச்சை தமிழக அரசியலின் போக்கையே திருப்பியது. நூறாண்டு கழித்து, 2023-இல் தூத்துக்குடி மாவட்டத்து உசிலம்பட்டியில் தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ணாமல் இருந்தார்கள். ஆட்சியரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் போய் உடனிருந்து உண்ண வேண்டியிருந்தது. அவர்கள் சிறு பிள்ளைகள். மறுப்பு வீட்டிலிருந்து வந்தது. பதின்பருவத்தில் அது பிள்ளையின் சொந்தக் குணமாகிவிடுகிறது. டப்பா வட்டம் எந்தத் தெருவிலிருந்து வருபவர்களால் ஆனது என்று ஒரு வாரம் கவனித்தால் ஆசிரியருக்கே விளங்கும். அதே வட்டத்தை உடைப்பவர்களும் இந்த வயதினரே. கபடிக் குழுவும் என்.எஸ்.எஸ் முகாமும் ஒரே அண்டாச் சோற்றை ஒன்றாக உண்ண வைக்கின்றன. சேர்ந்து உண்ணும் கட்டாயம் எங்கே இருக்கிறதோ அங்கே வட்டம் கலைகிறது.

4. மாலை: டியூஷனுக்கு முந்தைய அரை மணி

நான்கரைக்குப் பள்ளி விடுகிறது, ஐந்தரைக்கு டியூஷன். வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. காலையில் உண்ணாத, மதியம் பாதி உண்ட வயிறு பேக்கரி வாசலுக்கு வருகிறது. முட்டை பப்ஸ், பன் பட்டர் ஜாம், தேங்காய் பன், பத்து ரூபாய் குளிர்பானம். கொஞ்சம் காசிருந்தால் காளான், சிக்கன் பக்கோடா, நகரத்தில் ஷவர்மா. பேக்கரியைத் தீங்கின் ஊற்றுக்கண்ணாகச் சித்திரிப்பது எளிது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைகள் மேற்பார்வை இல்லாமல் சேர்ந்து நின்று பேசுவதற்கு ஊரில் வேறு இடம் என்ன இருக்கிறது? அந்த பப்ஸ் ஒரு வாடகை. அதைக் கொடுத்து அரை மணி நேரத் தோழமையை வாங்குகிறார்கள். பையன்கள் நின்று தின்கிறார்கள், பெண்பிள்ளைகள் பெரும்பாலும் பொட்டலமாக வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதிகள், கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்கின்றன. நல்ல விதிதான். ஆனால் பிள்ளைக்குப் பசிப்பது பள்ளி வாயிலில் அல்ல, டியூஷன் மாடிப்படியின் கீழே. பச்சை முட்டை மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததும் கிருமி பற்றிய கவலையால். வேளை பற்றிய கவலையால் அல்ல.

5. இரவு: வீட்டு வரிசை

இரவுச் சாப்பாட்டைப் போன் கெடுத்துவிட்டது என்பார்கள். குடும்பம் தட்டோடு சீரியல் முன்னால் உட்கார்ந்தது போனுக்கு முந்தைய கதை. எட்டரைக்கு டியூஷன் முடிந்து வரும் பிள்ளை தனியாக உண்கிறது. தனியாக உண்பதால் போனை எடுக்கிறது. இதைத் தலைகீழாகப் படிப்பதால்தான் போனைப் பிடுங்கியும் எதுவும் மாறுவதில்லை.

இரவில் உண்மையில் பார்க்க வேண்டியது பெண்பிள்ளையின் தட்டு. பூப்புச் சடங்கின்போது அவளைப்போல உண்டவர் வீட்டில் யாரும் இல்லை. உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை, தாய்மாமன் வீட்டுப் பலகாரத் தட்டுகள். அந்த நாட்களில் அவளுடைய உடம்பு ஊரின் பொறுப்பு. தண்ணீர் ஊற்றி முடிந்ததும் காட்சி மாறுகிறது. கடைக்குத் தனியாகப் போகாதே, பிராய்லர் வேண்டாம், பப்பாளி சூடு, குண்டாகிவிடுவாய். பரிமாறும் வேலை அவள் கைக்கு வருகிறது, அம்மாவைப்போல அவளும் கடைசியில் உட்காரப் பழகுகிறாள். குழம்பில் கறித்துண்டு அதற்குள் தீர்ந்திருக்கும். பள்ளிக் கழிப்பறையை நினைத்துத் தண்ணீரே குடிக்காமல் வந்தவள் அவள்.

இந்த வரிசையின் விளைவு ரத்தத்தில் தெரிகிறது. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், பையனுக்கு 22 போதும் என்கிறது ஐ.சி.எம்.ஆர் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. அதிகம் தேவைப்படுகிறவள் பின்னால் உண்கிறாள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15–19 வயதில் ரத்தசோகை இந்திய அளவில் பெண்களிடம் 59.1 விழுக்காடு, ஆண்களிடம் 31.1 விழுக்காடு. தமிழகத்திலும் அந்த வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஆண், பெண் வேறுபாட்டில் மாதவிடாய்க்குப் பங்குண்டு. முழுப் பங்கு அல்ல. 2013 முதல் பள்ளிகளில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. அதை வெறும் வயிற்றில் விழுங்கும் பெண்ணுக்குக் குமட்டல் வருகிறது. அடுத்த வாரம் மாத்திரை ஜன்னல் வழியே போகிறது. சாப்பாடு முடிந்த கையோடு குடிக்கும் டீ, உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதையும் குறைக்கிறது. மாத்திரைக்குமுன் ஒரு வேளைச் சோறு என்ற எளிய வரிசையை யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

6. பரிந்துரைகள்

சரிவிகித உணவு பற்றிய படம் ஏழாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் போதுமான அளவு இருக்கிறது. இன்னொரு விழிப்புணர்வுப் பேரணி தேவையில்லை. காலை உணவைப் படிப்படியாக எட்டாம் வகுப்புவரையும், சத்துணவைப் பிளஸ் டூவரையும் நீட்டுவதே முதல் வேலை. 1984-இல் செய்ய முடிந்ததை இன்று செய்ய முடியாது என்று எந்த நிதித்துறையும் சொல்ல முடியாது. எட்டு மணிச் சிறப்பு வகுப்பை நடத்தும் பள்ளி, அன்று காலை பிள்ளைக்கு ஏதாவது கொடுத்துவிட்டு நடத்தட்டும், சுண்டல் போதும். மதிய இடைவேளையில் நோட்டுத் திருத்தும் வேலையை விட்டுவிட்டு ஆசிரியர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே சோற்றை உண்டால், தட்டெடுக்கும் கூச்சத்தில் பெரும்பகுதி ஒரு பருவத்துக்குள் போய்விடும். இதற்கு அரசாணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

வீட்டு வரிசையை அரசு மாற்ற முடியாது. இன்று இரவு உங்கள் வீட்டில் மகளுக்கு முதலில் பரிமாறுங்கள், மகன் பரிமாறட்டும்.