யார் சம்மதம்?

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். சட்டத்தில் ஒரு சொல் மாறினால் என்ன நடக்கிறது என்று பார்க்கும் பழக்கம் ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை.

1994 பிப்ரவரியில், புனேயை அடுத்த ஷிரூரில் ஓர் அரசு இல்லத்துப் பெண்களை சசூன் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கருப்பையை அகற்றினார்கள். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று அன்று எழுதிய பெண்கள். நோய்க்காகச் செய்ததல்ல, மாதவிலக்கில் சுத்தமாக இருக்கத் தெரியவில்லையாம். 11 பேருக்கு முடிந்தபின் எதிர்ப்புக் கிளம்பி நின்றது. துணி மாற்றிவிட இரண்டு ஆயா கூடுதலாகப் போட்டிருக்கலாம்.

அந்த நாளில் சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1971 கருக்கலைப்புச் சட்டத்தில் 'லூனாட்டிக்' என்று ஒரு சொல். அதற்குப் பொருள் தேடினால் 1912 பைத்தியக்காரர் சட்டத்துக்குப் போகவேண்டும். அங்கே 'இடியட்'டும் அதில் அடக்கம். (எங்கள் பிரெஞ்சு வாத்தியார் வாயில் 'இதியோ' என்று தினமும் வரும். அது சட்டச்சொல் என்று யார் கண்டது!) இவர்களுக்குக் காப்பாளர் சம்மதமே போதும். 2002-இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'மனநோயாளி' என்று போட்டார்கள். மனவளர்ச்சிக் குறைவு அதில் சேராது என்றும் எழுதினார்கள்.

அந்த ஒரு வரிதான் 2009-இல் கைகொடுத்தது. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த ஓர் அனாதைப் பெண் பலாத்காரத்துக்கு ஆளாகிக் கருவுற்றாள். பிள்ளை வேண்டும் என்று அவள் சொன்னதை மருத்துவக் குழுவே எழுதியிருந்தும் உயர் நீதிமன்றம் கலைக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நம் ஈரோட்டுப் பக்கத்து சதாசிவம், சௌஹான் மூவரும், அவள் சம்மதமில்லாமல் கூடாது என்றார்கள். டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது.

நம் வாசகர் வீடுகளிலும் ஆட்டிசம் உள்ள பேத்திகள் இருக்கலாம். 18 வயதானபின் பெற்றோர் தாமாகவே காப்பாளராகத் தொடர முடியாது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழுவுக்கு மனுக் கொடுக்கவேண்டும். காப்பாளர் ஆனாலும், பிள்ளைப்பேற்றை நிறுத்தும் சிகிச்சைக்கு அவள் விளங்கிக்கொண்டு தரும் சம்மதம் வேண்டும் என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 10-ஆவது பிரிவு.