மஃப்ளர் வாங்கப் போய் சரித்திரம் படித்த கதை

போன மாசம் ஊருக்குப் போன் பண்ணினப்ப, "மஃப்ளர் வாங்கணும்மா, அதுக்குத்தான் ரெண்டு வாரமா அலைஞ்சிட்டிருக்கேன்"னு சொல்லித் தொலைச்சிட்டேன். "ஏன்டா, அங்க அவ்வளவு குளிரா? தொண்டை கட்டியிருக்கா?"ன்னு அம்மா பதறிட்டாங்க. தப்பு என்னுடையதுதான். நம்ம ஊரில் மஃப்ளர் என்றால் மார்கழியில் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொள்வது. இங்கே கலிஃபோர்னியாவில் மஃப்ளர் என்றால் காருக்கு அடியில் தொங்குவது. நம்ம மெக்கானிக் ஷெட்டில் அதுக்குப் பேர் சைலன்சர். அது பிரிட்டிஷ்காரன் விட்டுப்போன வார்த்தை; அவன் நாட்டில் இன்னைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கார் எதுன்னு முதல்ல சொல்லிடறேன். 1972 டாட்ஸன் 240 இசட். தங்கமணியின் மொழியில் "அந்த ஆரஞ்சு டப்பா". 1969-ல் ஜப்பானில் 'ஃபேர்லேடி இசட்' என்ற பெயரில் வந்த வண்டி. அமெரிக்க விற்பனையைப் பார்த்துக்கொண்ட யுடாகா கடயாமா என்பவர், இந்தப் பேரோடு ஸ்போர்ட்ஸ் காரை இங்கே விற்க முடியாதுன்னு பேரையே கழற்றிவிட்டு 240 இசட் என்று விற்றார். 2,393 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், அந்தக் காலக் கணக்கில் 151 குதிரைசக்தி, விலை 3,526 டாலர். அந்த விலைக்கு அந்த வண்டியைப் பார்த்து ஐரோப்பியக் கம்பெனிகள் ஆடிப்போனது தனிக்கதை. அதை இன்னொரு நாள் எழுதறேன்.

என் வண்டியில் பின்னாடி இருந்த மஃப்ளர் உள்ளிருந்தே துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ளே அப்பளம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, ஆவியாக. நீண்ட தூரம் ஓட்டினால் சூட்டில் அது வெளியே போய்விடும். என்னை மாதிரி ஞாயிற்றுக்கிழமை காய்கறிக் கடைக்குப் போய்விட்டு வந்து நிறுத்தினால், மஃப்ளருக்குள்ளேயே தங்கி இரும்பைத் தின்னும்.

சரி, மாத்திடலாம்னு பக்கத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வி: "சத்தம் நல்லா வேணுமா?" ஆம்பளையாப் பொறந்தவன் இதுக்கு என்ன பதில் சொல்வான்? தலையை ஆட்டினேன். ஓட்டை போட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைத்த 'கிளாஸ்பேக்' ஒன்றை வெல்டிங் வைத்து, பின் குழாயை பம்பருக்கு உள்ளேயே வெட்டிவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். ஸ்டார்ட் பண்ணினதும் சும்மா சொல்லக்கூடாது, மயிர்க்கூச்செறிந்தது.

அடுத்த சனிக்கிழமை, பதினாலு வயசு மகளை ஏற்றிக்கொண்டு சான் ஹோசேயிலிருந்து மான்டெரே கடற்கரைக்குக் கிளம்பினேன் (ரெண்டு சீட்டு வண்டி, தங்கமணிக்கு இடமில்லை, வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை). நெடுஞ்சாலை வேகம் வந்ததும் காதுக்குள் யாரோ மாவுமில் ஓட்டுகிற மாதிரி 'ம்ம்ம்ம்' என்று ஒரே சுருதி. பாட்டு கேட்கவில்லை, பேச்சும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் மகள், "அப்பா, தலை வலிக்குது, குமட்டுது"ன்னாள். எனக்கும் லேசாக வலித்தது. சத்தத்தால்னு நினைச்சேன். கண்ணாடியை இறக்கினதும் சரியாப் போச்சு. அப்பதான் வயித்துக்குள்ள ஏதோ புரண்டது.

இசட் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த பழைய வியாதி இது. பின்பக்கம் சரிவாக இறங்கும் வண்டி ஓடும்போது அதன் வால் பக்கம் காற்றழுத்தம் குறைகிறது. குழாயிலிருந்து வந்த புகை அங்கேயே சுழன்று, பின்கதவு ரப்பர், பின்விளக்கு கேஸ்கெட் இடுக்கு வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. கார்புரேட்டர் வண்டி, கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கிடையாது. புகையில் கார்பன் மோனாக்சைடு சில சதவீதம்கூட இருக்கும். அதுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நல்ல சத்தத்துக்கு ஆசைப்பட்டுப் பெத்த பொண்ணை விஷப்புகையில் உட்கார வெச்சிருக்கேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

படிக்கப் படிக்க, கடையில் அடுக்கி வைத்திருக்கிற ஒவ்வொரு வகை மஃப்ளரும் ஏதோ ஒரு காலத்துச் சண்டையின் மிச்சம் என்று தெரிந்தது.

முதல் பேடன்ட்களில் ஒன்று 1897-ல். இந்தியானா மாநிலம் கொலம்பஸ் ஊரைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் சகோதரர்கள் எடுத்தது. மில்டன் கொஞ்சம் விசித்திரமான ஆள். 1911-ல் சொகுசாக இருக்கும்னு எட்டு சக்கரக் கார் ஒன்று செய்தார். ஒண்ணும் விற்கவில்லை. அதற்காக ஓயவும் இல்லை, அடுத்து ஆறு சக்கரத்தில் ஒண்ணு செய்தார்! ஆனால் மஃப்ளர் நிலைத்துவிட்டது. தத்துவம் எளிது. சிலிண்டரிலிருந்து வெடித்து வரும் வாயுவை அப்படியே வெளியே விட்டால் துப்பாக்கி வெடித்த மாதிரி இருக்கும். அதை அறைக்குள் விட்டு விரியவைத்து, ஆற்றி, அப்புறம் அனுப்பு.

ஓட்டுகிறவனுக்கு இது பிடிக்கவில்லை. அந்தக் கால மஃப்ளர் நிஜமாகவே இன்ஜின் மூச்சைப் பிடித்தது. அதனால் 'கட்அவுட்' என்று ஒரு வால்வு வந்தது. மேடு வந்தால் காலால் மிதிக்க வேண்டியது, புகை மஃப்ளரைத் தொடாமல் நேராக வெளியே போகும். மேடு ஏறத்தான் என்று விற்றார்கள். நடந்தது என்னவோ, கடைவீதியில் மிதிப்பது! ஊர் ஊராகத் தடைச்சட்டம் போட வேண்டியதாகிவிட்டது. நம்ம பசங்க புல்லட் சைலன்சரைக் கழற்றிவிட்டு காலேஜ் வாசலில் ரெண்டு ரவுண்டு வருவதை நேத்து வந்த கலாச்சாரம்னு நினைக்காதீங்க, நூறு வருஷத்துக்கு மேல் பாரம்பரியம் உண்டு.

இதில் ஆறு சிலிண்டருக்குத் தனி மரியாதை. 1907 ஜூனில், லண்டனுக்குத் தென்மேற்கே புதிதாகக் கட்டிய ப்ரூக்லேண்ட்ஸ் பந்தயப் பாதையில், செல்வின் எட்ஜ் என்பவர் 60 குதிரைசக்தி நேப்பியர் காரை 24 மணி நேரம் தனி ஆளாக ஓட்டினார். ஆறு சிலிண்டர் வண்டி. 1,581 மைல், சராசரி மணிக்கு கிட்டத்தட்ட 66 மைல். கூடவே இன்னும் ரெண்டு நேப்பியர்கள் ராத்திரி முழுக்க ஓடின. உலக சாதனை. ஆனால் சுற்றி இருந்த வேபிரிட்ஜ் வாசிகளுக்கு சிவராத்திரி. அவர்கள் போட்ட கூச்சலில் அங்கே ராத்திரிப் பந்தயமே நின்றுபோனது. 1929-ல் 24 மணி நேரப் பந்தயம் நடத்த ஆசைப்பட்டபோது என்ன செய்தார்கள் தெரியுமா? பகலில் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டி, ராத்திரி வண்டிகளைப் பூட்டி வைத்து, மறுநாள் இன்னொரு பன்னிரண்டு. 'டபுள் ட்வெல்வ்' என்று பேர். அதற்கு முன்பே, 1920களின் நடுவில், குறிப்பிட்ட அளவில் சைலன்சர் மாட்டினால்தான் பாதைக்குள் விடுவோம் என்ற விதி வந்துவிட்டது. மீன்வால் மாதிரி தட்டையாக முடியும் அந்த 'ப்ரூக்லேண்ட்ஸ் கேன்' பழைய வண்டிப் படங்களில் இன்னைக்கும் பார்க்கலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை மேக்ஸிம் குடும்பத்துக் கதை. அப்பா ஹிரம் மேக்ஸிம், 1880களில் இயந்திரத் துப்பாக்கி கண்டுபிடித்தவர். காலனி யுத்தங்களில் அது கொன்று குவித்த கணக்கு தனி. வருஷக்கணக்காக அதைச் சுட்டுச் சுட்டுச் சோதித்ததில் அவருக்குக் காது போய்விட்டது. மகன் ஹிரம் பெர்சி மேக்ஸிம், அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் ஊரில் போப் கம்பெனியில் கார் இன்ஜினியர். அவர் 1909-ல் பேடன்ட் வாங்கியது துப்பாக்கிக்கு சைலன்சர்! தொட்டியில் தண்ணீர் சுழன்று இறங்குவதைப் பார்த்து யோசனை வந்தது என்பார்கள். வாயுவைச் சுழலவிட்டு வேகத்தைக் குறைப்பதுதான் சூட்சுமம். துப்பாக்கிக்கும் இன்ஜினுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பதால் அவர் கம்பெனி பிறகு இன்ஜின் சைலன்சர் பக்கம் போனது. காருக்கு மஃப்ளர் கண்டுபிடித்ததே இவர்தான் என்று எழுதுகிறார்கள். ரீவ்ஸ் பேடன்ட் பன்னிரண்டு வருஷம் முந்தையது, அதனால் நான் ஒத்துக்க மாட்டேன். ஆனால் அப்பா காதைச் செவிடாக்க, மகன் வாயை அடைக்க... இந்தக் கதையை யாராவது சினிமாவுக்கு எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

1972-ல் அமெரிக்காவில் இரைச்சல் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்தது. என் வண்டி பிறந்த வருஷம். இப்போது கலிஃபோர்னியாவில் மாற்று மஃப்ளர் போட்ட காருக்கு 95 டெசிபல் வரம்பு. 1975 வரை வந்த மாடல்களுக்குப் புகைப் பரிசோதனையிலிருந்து விலக்கு உண்டு, சத்தத்துக்குக் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். எதை வாங்குவது?

முதலில் அந்த 'ம்ம்ம்' எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டேன். நாலாவது கியரில் 65 மைல் வேகத்தில் என் இன்ஜின் சுமார் 3,000 ஆர்பிஎம், அதாவது நொடிக்கு 50 சுற்று. ஆறு சிலிண்டரில் சுற்றுக்கு மூன்று வெடிப்பு. 150 ஹெர்ட்ஸ். வண்டியின் வெற்றுக்கூடு அந்த சுருதிக்குக் கடம் மாதிரி ஒத்து ஊதுகிறது. கிளாஸ்பேக் உயர்ந்த ஸ்தாயியைத்தான் நன்றாக உறிஞ்சும். இந்தக் கீழ் ஸ்தாயிக்கு அந்தக் குட்டிக் குழாய் போதாது. ஒரு பக்கம் மூடிய கிளைக்குழாய் வைத்தால், அலை போய்த் திரும்பி வந்து அசல் அலையை அழிக்கும். நீளம், அலைநீளத்தில் கால்வாசி. சூடான புகையில் ஒலி நொடிக்கு 470 மீட்டர் போகும் என்று வைத்தால் 78 சென்டிமீட்டர் வருகிறது. அழகான தீர்வு, ஆனால் என் வண்டி அடியில் அதுக்கு இடமில்லை.

இன்னொரு யோசனை, ரெண்டு தனிக் குழாய் விடுவது. பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் இந்த இன்ஜின் வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4. முன் மூன்றும் பின் மூன்றும் மாறி மாறி வெடிக்கின்றன. கடைசிவரை சேர்க்காமல் விட்டால், ஆறு சிலிண்டர் பாட்டுக்குப் பதில் ரெண்டு மாருதி 800 ஒன்றாக ஓடுகிற மாதிரி! சேர்த்தால்தான் அந்தப் பட்டுப்போன்ற சத்தம். குழாய் எவ்வளவு பெருசோ அவ்வளவு பவர் என்பதும் கதைதான். இன்ஜினுக்கு எதிரழுத்தம் வேணும்னு ஒரு கோஷ்டி சொல்லும், அதுவும் சரியில்லை; அதுக்கு வேண்டியது வாயு வேகமாகப் போவது. 150 குதிரைக்கு ரெண்டேகால் அங்குலம் தாராளம்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது இன்னொரு ஆறு சிலிண்டர் வண்டி. 1962-ல் ஷெவ்ரலே கம்பெனி கோர்வேர் மோன்சா ஸ்பைடர் என்று டர்போ வைத்த கார் விட்டது. பின்னாடி இன்ஜின், படுத்த ஆறு சிலிண்டர், 150 குதிரை. டர்போ சக்கரமே வெடிப்பு அலைகளைச் சிதைத்துவிடுவதால், மஃப்ளரை மூச்சு முட்டாத மாதிரி செய்ய முடிந்தது. மற்ற வண்டிக்காரர்கள் அந்த மஃப்ளரை வாங்கித் தங்கள் வண்டியில் மாட்டிப் பார்த்தார்கள். மூச்சும் விடுகிறது, சத்தமும் அடக்கம். அன்றிலிருந்து அந்த வகைக்கே 'டர்போ மஃப்ளர்' என்று பேர். டர்போவுக்கும் இப்போது அதுக்கும் சம்பந்தமே கிடையாது. உள்ளே ஓட்டை போட்ட குழாய்கள், புகை 'எஸ்' மாதிரி வளைந்து போகும். ரீவ்ஸின் அறையும் உண்டு, கிளாஸ்பேக்கின் பஞ்சும் உண்டு. விலையும் குறைவு.

ரெண்டாவது கடை, வயசான வெல்டர். அவர் சத்தத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. "கூட யார் வருவாங்க? எவ்வளவு தூரம்?" என்றார். டர்போ மஃப்ளர் ஒன்று, அதுக்கு முன்னால் சின்ன ரெசனேட்டர், பம்பரைத் தாண்டி ஒரு சாண் நீட்டிக் கீழ்நோக்கி வளைத்த பின் குழாய். பின்கதவு ரப்பரும் விளக்கு கேஸ்கெட்டும் நானே மாற்றினேன், ஒரு ஞாயிறு முழுக்க.

போன வாரம் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்று வாங்கி, நான் மட்டும் தனியாக மான்டெரே வரை போய் வந்தேன். போக வர பூஜ்யம். அப்புறம்தான் தங்கமணி மகளை அனுப்பச் சம்மதித்தாள். வழியெல்லாம் மகள் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் நம்பரைப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் பின் குழாய் எங்கேயோ 'டக்'குன்னு இடிக்குது. ரப்பர் ஹேங்கர் ஒண்ணு இழுத்துக் கட்டணும், சனிக்கிழமை போகணும்.